அழிந்த படத்தைத் திரும்ப எடுக்க அதே மெமரி காட்டோடு ஆற்றுக்குப் போகாதீர்கள்

திருகோணமலை மாவட்டத்து வெருகல் கோயில் திருவிழா முடிந்த மறுகிழமை, ஓகஸ்ட் கடைசியில், ஆற்றங்கரையில் விடியப்புறம் எடுத்த படங்கள் அவை. அம்மம்மா கரையில் குந்தியிருந்து காலை நனைக்கிறா, பின்னால் தண்ணீர் பொன்னாய் மினுங்குகிறது. திருகோணமலைக்கு வந்து லப்டொப்பில் காட்டைச் செருகியதும் 'போர்மட் செய்யவா?' என்று கேட்டது. நானும் யோசிக்காமல் ஓம் என்று அழுத்திவிட்டேன்.

அந்தக் கேள்வி வந்தால் காட் பழுதென்று அர்த்தமில்லை. பல நேரம் காட்டை வாசிக்கும் ரீடர் சரியாகத் தொடாததால் வருவதுதான். வேண்டாம் என்று சொல்லி, வேறு ரீடரில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனாலும் அது சின்னப் பிழை. பெரிய பிழையை ஞாயிற்றுக்கிழமை செய்தேன். அதே காட்டைக் கமராவில் போட்டுக்கொண்டு, திரும்ப எடுப்போம் என்று வெருகலுக்கே போனேன்.

சாதாரண போர்மட்டில் அழிவது எந்தப் படம் எங்கே கிடக்கிறது என்ற பட்டியல் மட்டும்தான். வாக்காளர் பட்டியலில் பெயரை வெட்டினால் ஆள் இல்லாமல் போவதில்லையே, அதுபோல. படம் அங்கேயே இருக்கும், புதுப்படம் வந்து அதன் மேல் உட்காரும்வரை. நான் 180 புதுப்படங்களைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

"முதல்ல காட்டைக் கழட்டி வைச்சிருக்கலாமே மச்சான். நீ திரும்பப் போய்த்தான் அதை முழுசா அழிச்சிருக்கிறாய்," என்றான் கணினி வேலை தெரிந்த என் மச்சான். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடினான். மீட்டதை அதே காட்டில் சேமிக்க நான் சொன்னபோது கையைத் தட்டிவிட்டான். வேறு வட்டில்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மீட்பே மிச்சத்தை அழிக்கும். கிடைத்தவை சில. அவற்றிலும் பாதிப் படங்களில் மேலே ஆறு, கீழே வெறும் சாம்பல் நிறம்.

போன் என்றால் கதை வேறு. முதலில் குப்பைக்கூடையைப் பாருங்கள்: கூகுள் போட்டோஸில் காப்புப் பிரதி ஏறிய படம் அழித்த பிறகும் 60 நாள் அங்கே கிடக்கும். போனில் இடமில்லை என்று அந்தச் செயலிக்குள் போய்ப் படத்தை அழித்தால் இணையத்தில் இருப்பதும் சேர்ந்து போகும். இது எங்கள் வீட்டிலேயே இரண்டு பேருக்கு நடந்தது.

சரி, திரும்பப் போனேனே, அங்கே என்ன பிழை? நேரம். மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஓகஸ்ட் கடைசியில் திருகோணமலைப் பக்கம் உச்சி வெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும், நிழலே காலடியில் ஒளிந்துகொள்ளும். ஆறு வெளிறிப்போய்க் கிடந்தது.

நின்ற இடமும் பிசகியது. சித்திக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய சின்னப் பிரதி ஒன்று பிறகுதான் ஞாபகம் வந்தது. அது அச்சடிக்க உதவாது, ஆனால் வழிகாட்டப் போதும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கரை மருதமரத்தின் பக்கத்தில் எதிர்க்கரைத் தென்னை எங்கே தெரிகிறது என்று பார்த்துப் பார்த்து நகர்ந்தால், நின்ற இடம் ஓரடி வித்தியாசத்தில் அகப்படும். மூன்றாம் முறை, விடியவே, அப்படித்தான் பிடித்தேன். அம்மம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை: "அண்டைக்கு நான் கட்டினது வேற சீலை."

கோணம் சரிவரவில்லையென்று தண்ணீருக்குள் இறங்காதீர்கள், முதலை உண்டு. மார்கழிக்குத் தள்ளிப் போடவும் வேண்டாம். மாரியில் மகாவலி பெருகினால் அதன் கிளையான வெருகலாறும் ஏறும், அம்மம்மா குந்தியிருந்த கரை தண்ணீருக்குள் போய்விடும்.

இப்போது இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் காட்டைத் துடைக்கிறேன். அதையும் லப்டொப்பில் அல்ல, கமராவிலேயே.