மூச்சை மெல்ல விடுங்கள்

பதற்றம் ஏறும்போது "அமைதியாக இரு" என்று மனத்துக்குக் கட்டளையிட்டுப் பயனில்லை, அது கேட்காது. உடம்பின் வழியாகப் போவதே எளிது. மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 அல்லது 8 எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் என்ற நரம்பின் வேலையால் இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. 5 நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

மனச்சோர்வுக்கு நடைதான் என் முதல் சிபாரிசு. மனம் வந்தபின் நடக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. செருப்பை மாட்டிக்கொண்டு 10 நிமிடம் வெளியே போங்கள். காலை வெளிச்சம் என்றால் தூக்கமும் சீராகும்.

மாலைக் காப்பியை விட்டுவிடுங்கள் (எனக்கும் கசந்த யோசனைதான்). காப்பியில் உள்ள, தூக்கத்தை விரட்டும் காஃபீனில் ஏறக்குறைய பாதி, 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

மூலிகை மாத்திரைகளை "இயற்கைதானே" என்று நம்பி விழுங்க வேண்டாம். சில, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு மோதும். சோர்வு 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.