அந்தி சாய்ந்த பிறகு பரிமாறுங்கள்: நன்னீர் இறாலுக்குத் தீவனம்

நன்னீர் இறாலுக்குப் பொழுது சாய்ந்தால்தான் பசி. பகலெல்லாம் தென்னமட்டைக்கு அடியில் பதுங்கிக் கிடந்துவிட்டு, இருட்டியதும் மேய வரும். முதல் வருடம் இது தெரியாமல், மீனுக்குப் போடுவதுபோல் காலையிலேயே மொத்தத் தீவனத்தையும் நடுக்குளத்தில் வீசினேன். பாதி அடியில் அழுகியது. ஒரு விடியற்காலையில் இறால்கள் மூச்சுக்குத் தவித்துக் கரையோரம் ஒதுங்கி நின்றதைப் பார்த்து வயிறு கலங்கியது.

இப்போது மூன்றில் ஒரு பங்கு காலையில், மீதி அந்திக்குப் பிறகு. கரையைச் சுற்றி நடந்தபடியே ஓரத்தில் பரவலாகத் தூவுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால், நீலக் கிடுக்கி வைத்த பெரிய ஆண் இறால்கள் சின்னவற்றை அண்ட விடாது.

அளவுக்கு, வீச்சு வலையில் முப்பது நாற்பது பிடித்து எடை பாருங்கள். சராசரி 10 கிராம், குளத்தில் 2,000 இறால் என்றால் மொத்தம் 20 கிலோ. அந்தப் பருவத்தில் நான் 5 சதவீதம், அதாவது நாளுக்கு 1 கிலோ போடுகிறேன். வளர வளரச் சதவீதம் குறையும். ஆனாலும் கணக்கைவிடத் தீவனத் தட்டைத்தான் நம்புகிறேன். தட்டில் ஒரு கைப்பிடி தீவனம் வைத்துக் குளத்தடியில் இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்குங்கள். காலியாக இருந்தால் மறுநாள் சற்றுக் கூட்டலாம்; மிச்சம் இருந்தால் குறைத்தே ஆகவேண்டும். மூடாக்குப் போட்டு மழை இருட்டிக்கொண்டு நிற்கும் நாளில் பாதி போதும்.

புழு, பூச்சி, நத்தை, பாசி, மக்கிய இலை, தானியம் எல்லாம் தின்னும். உணர்கொம்பால் மோப்பம் பிடித்து, மெலிந்த முதல் ஜோடிக் கால்களால் பொறுக்கி, நிதானமாகக் கொறிக்கும். அதனால் தீவனம் மூழ்க வேண்டும், உடனே கரையவும் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். மாவாகிவிட்டால் அந்த மூட்டை வேண்டாம். வீட்டிலேயே செய்வதென்றால் கடலைப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள் மூன்றையும் மரவள்ளி மாவுக் கூழில் பிசைந்து, முறுக்கு அச்சில் பிழிந்து காயவையுங்கள். கூழ் கெட்டியாக இல்லாவிட்டால் எல்லாம் வீண்.

தோல் உரித்த இறால் சில மணி நேரம் மெத்தென்று கிடக்கும். பசித்த இறால் அதையும் தின்றுவிடும். தென்னமட்டையும் உடைந்த கூரை ஓடும் நிறையப் போட்டு ஒளிய இடம் கொடுங்கள். தட்டில் உரித்த தோல் வந்தால் குளத்திலேயே விட்டுவிடுங்கள். அதையும் அவை கொறித்துக்கொள்ளும்.