தொட்டியின் முன்பக்கத்துக்கு ஒரு புல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு முன்பக்கத்தில் புல் மாதிரி ஏதாவது வேண்டுமா? குள்ள சஜிட்டேரியா என்ற நீர்ச்செடியை வாங்குங்கள். செடிக்காகத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு விடும் சிலிண்டர் எல்லாம் தேவையில்லை. சாதாரண எல்இடி விளக்கு தினம் 7, 8 மணி நேரம் எரிந்தால் போதும். மின்வெட்டில் ஒரு பொழுது இருட்டானாலும் அசராது.

நடுவதில்தான் விஷயம் இருக்கிறது. கொத்தைப் பிரித்து, நீண்ட வேரில் 3 செ.மீ. மட்டும் விட்டு மீதியை நறுக்கிவிட்டு, ஒவ்வொரு செடியாக இடுக்கியால் மணலில் செருகுங்கள். வேர் முழுக்க உள்ளே போகட்டும். இலைகள் கிளம்பும் வெளுத்த அடிக்குருத்து மட்டும் மணலுக்கு மேலே தெரிய வேண்டும். அது புதைந்தால் செடி அழுகிவிடும். வேரால் சாப்பிடும் செடி இது. ஆகவே தண்ணீரில் ஊற்றும் உரத்தைவிட, மணலுக்குள் புதைக்கும் உர மாத்திரைதான் கைகொடுக்கும்.

முதல் சில வாரங்களில் பழைய இலைகள் கரையும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். அப்புறம் ஓடுதண்டு விட்டு, அருகம்புல் மாதிரி தானே பரவும். ஜூன், ஜூலைக் குளிரில் ஹீட்டர் இல்லாத தொட்டியில் வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான். இலை உயரமாக நீள்கிறது என்றால் பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை. தங்கமீன் வளர்ப்பவர்கள் மட்டும் ஆசைப்பட வேண்டாம். அவை தோண்டிப் போட்டுவிடும்.