செத்ததுக்கப்புறம் ஆத்துமா எங்க போகுது? பைபிளை வச்சு நீங்களே படிச்சு புரிஞ்சுக்கற வழி

போன வருஷம் எங்க பெரியம்மா அடக்கத்துல ஊழியர் ஒருத்தர் ஜெபம் பண்ணாரு. "அம்மா இப்ப ஆண்டவருக்குள்ள நித்திரையா இருக்காங்க"ன்னு ஆரம்பிச்சவரு, அடுத்த மூச்சுலயே "பரலோகத்துல இருந்து நம்ம எல்லாரையும் பாத்துட்டு இருக்காங்க"ன்னு முடிச்சாரு. பக்கத்துல நின்ன அக்கா பொண்ணு, ஏழு வயசு, என் சட்டைய இழுத்து "மாமா, பாட்டி தூங்குறாங்களா பாக்குறாங்களா?"ன்னு கேட்டா. சுத்தி நின்ன பெரியவங்க யாருக்கும் தோணாத கேள்வி. எனக்கும் பதில் தெரியல, சும்மா தலைய தடவி விட்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசம் உக்காந்து படிச்சேன். நான் போதகர் இல்ல, இறையியல் காலேஜ் பக்கம் போனதும் இல்ல. ஆனா எந்த வரிசைல படிச்சா குழப்பம் குறையும்னு ஒரு வழி கெடச்சுது, அதத்தான் சொல்றேன். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு பைபிள் போதும். கத்தோலிக்க பைபிள் ஒண்ணும் கூட இருந்தா நல்லது, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல நோட்டுல குறுக்கா ஒரு கோடு போடுங்க. இடது பக்கம் "சாவு"ன்னு ஒரு புள்ளி, வலது பக்கம் "கடைசி நாள்"னு ஒரு புள்ளி. கடைசி நாள்னா இயேசு திரும்ப வர்றது, செத்தவங்க உயிர்த்தெழுறது, நியாயத்தீர்ப்பு எல்லாம். இப்ப ரெண்டு இடம் கெடைக்குது பாருங்க, ரெண்டு புள்ளிக்கும் நடுவுல ஒண்ணு, கடைசி நாளுக்கு அந்தப்பக்கம் ஒண்ணு. நடுவுல இருக்கறத நடுக்காலம்னு வச்சுக்குவோம். நம்ம ஆளுங்க பண்ற சண்டைல முக்கால்வாசி இந்த ரெண்டையும் போட்டு கொழப்பறதால வர்றதுதான். ஒருத்தர் நடுக்காலத்த பத்தி பேசுவாரு, இன்னொருத்தர் அந்தப்பக்கத்துக்கான வசனத்த எடுத்து பதில் சொல்லுவாரு, ரெண்டு பேருமே பைபிளத்தான் காட்டுவாங்க. அதனால எந்த வசனம் படிச்சாலும் முதல் கேள்வி, இது கோட்டுல எங்க உக்காருது? அங்க எழுதுங்க.

ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியம். நம்ம மனசுல இருக்கற படம் என்ன, ஆத்துமா உடம்ப விட்டு பறந்து மேல போயி அங்கயே என்னென்னைக்கும் இருக்கும், அவ்ளோதான் கதை முடிஞ்சுதுன்னு. ஆனா புதிய ஏற்பாட்டுல பவுல் ஒரு முழு அதிகாரமே, 1 கொரிந்தியர் 15, எதுக்கு ஒதுக்கறாருன்னா உடம்பு உயிர்த்தெழுறதுக்கு. விதைய மண்ணுல போட்டா வேற உருவத்துல செடி வர்ற மாதிரின்னு விளக்கறாரு. ஒவ்வொரு வாரமும் விசுவாசப் பிரமாணம் சொல்றோமே, அதுல கடைசில "சரீரம் உயிர்த்தெழுதல்"னு வருமே, அத வாய் சொல்லுது, காது கேக்கறதில்ல. கிறிஸ்தவ நம்பிக்கைக்கு முடிவு வலது பக்கம்தான். நடுக்காலம்ங்கறது காத்திருப்பு ரூம் மாதிரி. அத நோட்டுல மேலயே எழுதி வச்சுக்கோங்க, இல்லனா போகப் போக மறந்துரும்.

அடுத்த வேலை வார்த்தைங்க. வசனத்துக்கு போறதுக்கு முன்னாடி இதுல ஒரு சாயங்காலம் செலவு பண்ணுங்க, வீண் போகாது. ஆத்துமான்னு நாம படிக்கற எடத்துல பழைய ஏற்பாட்டோட எபிரெய மூலத்துல பெரும்பாலும் நெஃபெஷ்னு ஒரு வார்த்தை. அது உடம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கற ஏதோ ஒரு பொருள்னு மட்டும் அர்த்தம் இல்ல, உயிர், உயிருள்ள ஆள், தொண்டை, ஆசைன்னு பல அர்த்தம் வரும். ஆதியாகமம் 2:7 எடுங்க, மண்ணுல உருவாக்கி மூச்ச ஊதினதும் மனுஷன் "ஜீவாத்துமாவானான்"னு இருக்கும். ஆத்துமா ஒண்ண உள்ள வச்சாருன்னு இல்ல, மனுஷனே ஆத்துமாவா ஆனான். எசேக்கியேல் 18:4ல "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்"னு வருது, ஆத்துமா சாகவே சாகாதுன்னு நெனச்சுட்டு இருந்தவங்களுக்கு இங்க ஒரு தடுக்கல் விழும். புதிய ஏற்பாட்டுல கிரேக்கத்துல ப்சூகேன்னு வரும், அங்க மத்தேயு 10:28ல உடம்ப மட்டும் கொல்ல முடிஞ்சவங்களுக்கு பயப்படாதீங்க, ஆத்துமாவ அவங்களால கொல்ல முடியாதுன்னு இயேசுவே பிரிச்சு பேசறாரு. ஆக ரெண்டு விதமான பேச்சும் பைபிள்லயே இருக்கு. ஒண்ண மறைச்சிட்டு இன்னொண்ண மட்டும் காட்டறவங்கள பாத்தா கொஞ்சம் உஷாரா இருங்க.

நரகம்ங்கற வார்த்தை இன்னும் மோசம். மூலத்துல நாலு தனித்தனி வார்த்தை இருக்கு. ஷியோல், எபிரெயத்துல, செத்தவங்க எல்லாரும் போற எடம், நல்லவன் கெட்டவன் பேதம் இல்ல. ஹாதேஸ், அதே கிட்டத்தட்ட கிரேக்கத்துல. கெஹென்னா, இது எருசலேமுக்கு தெக்க இருக்கற இன்னோம் பள்ளத்தாக்கோட பேர்லருந்து வந்தது, ஒரு காலத்துல பிள்ளைங்கள தீயில பலி குடுத்த எடம் (2 இராஜாக்கள் 23:10 பாருங்க), இயேசு கடைசி தண்டனைய பத்தி சொல்லும்போது இந்த வார்த்தையத்தான் எடுக்கறாரு. நாலாவது தார்த்தரு, 2 பேதுரு 2:4ல ஒரே ஒரு தடவ, அதுவும் பாவம் பண்ண தூதர்களுக்கு. தமிழ்ல பழைய மொழிபெயர்ப்பு ஷியோலுக்கும் ஹாதேஸுக்கும் பெரும்பாலும் "பாதாளம்"னு போட்டுட்டு கெஹென்னாவுக்கு "நரகம்"னு போடுது, அது ஓரளவுக்கு நல்லாவே இருக்கு. ஆனா எல்லா எடத்துலயும் அப்படி இல்ல, சங்கீதம் 9:17ல மூலத்துல ஷியோல், தமிழ்ல நரகம். அதனால கோட்டுல போடும்போது பாதாளம் நடுக்காலத்துல, கெஹென்னா அந்தப்பக்கம். வெளிப்படுத்தல் 20:14 இத ஒரே வரில பிரிச்சு காட்டிருது, மரணமும் பாதாளமும் அக்கினிக்கடல்ல தள்ளப்பட்டதாம், அதான் ரெண்டாம் மரணம். பாதாளமே நரகம்னா, நரகத்த தூக்கி நரகத்துல போட்ட மாதிரி ஆயிருமே!

இப்ப வசனங்க. நடுக்காலத்துக்கு ரெண்டு குவியல் வரும்.

தூங்குறாங்கன்னு சொல்ற குவியல்: பிரசங்கி 9:5 ("மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்"), தானியேல் 12:2, யோவான் 11:11, 1 தெசலோனிக்கேயர் 4:13 தொடங்கி. முழிப்பா இருக்காங்கன்னு காட்டற குவியல்: லூக்கா 16ல ஐசுவரியவானும் லாசருவும், லூக்கா 23:43ல சிலுவைல தொங்கின கள்ளன், பிலிப்பியர் 1:23, 2 கொரிந்தியர் 5:8, வெளிப்படுத்தல் 6:9ல பலிபீடத்துக்கு கீழ இருந்து எவ்வளவு காலம்னு கேக்கற ஆத்துமாக்கள். இங்க ஒரு சின்ன எச்சரிக்கை, யோவான் 11 லாசரு வேற லூக்கா 16 லாசரு வேற. முதல் ஆளு மார்த்தாள் மரியாளோட சகோதரன், ரெண்டாவது ஆளு இயேசு சொன்ன கதைல வர்ற பிச்சைக்காரன். நானே பல வருஷம் ஒரே ஆளுன்னு நெனச்சுட்டு இருந்தேன், சிரிக்காதீங்க.

இதுல கள்ளன் வசனத்த மட்டும் நிதானமா பாருங்க, ஏன்னா ஒரு கமா வச்சு ஒரு பெரிய வாக்குவாதமே ஓடுது. கிரேக்க கையெழுத்துப் பிரதிகள்ல ஆதில நிறுத்தற்குறி கெடையாது. "உனக்கு மெய்யாகவே சொல்றேன் இன்னைக்கு என்னோட பரதீசுல இருப்ப"ன்னு வார்த்தைங்க அந்த வரிசைல வருது. "இன்னைக்கு"க்கு முன்னாடி கமா போட்டா, இன்னைக்கே பரதீசு. பின்னாடி போட்டா, "இன்னைக்கு உனக்கு சொல்றேன், (என்னைக்காவது) பரதீசுல இருப்ப". ஆனா நம்ம தமிழ் பைபிள தொறந்தா இந்த சந்தேகமே வராது, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்"னு வாக்கியத்த திருப்பி போட்டுட்டாங்க, முடிவ மொழிபெயர்த்தவங்களே எடுத்தாச்சு. பெரும்பாலான அறிஞர்கள் முதல் வாசிப்பத்தான் ஒத்துக்கறாங்க, இயேசு மத்த எடத்துல "மெய்யாகவே சொல்லுகிறேன்"னு சொல்லும்போது "இன்னைக்கு"ன்னு சேத்து சொன்னதே இல்லங்கறது அதுக்கு ஒரு காரணம். எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஆனா வேற மாதிரி வாசிக்கறவங்க வசனத்த திருத்திட்டாங்கன்னு கத்தறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சிருக்கணும்.

ரெண்டு குவியலையும் வச்சுக்கிட்டு ஒவ்வொரு சபையும் எப்படி சமாளிச்சாங்கன்னு இப்ப பாக்கலாம். பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைங்க சொல்றது, தூக்கம்ங்கறது உடம்புக்கு, ஆத்துமா உடனே கிறிஸ்துகிட்ட போயிருது, கடைசி நாள்ல ரெண்டும் சேரும். 1646ல எழுதின வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை ஆத்துமா சாகறதும் இல்ல தூங்கறதும் இல்லன்னு நேராவே சொல்லுது. ஆனா புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்ச லூத்தர் பல எடத்துல தூக்கம்னே பேசியிருக்காரு, இன்னொரு சீர்திருத்தவாதி கால்வின் அந்த கருத்த எதிர்த்து தனியா ஒரு புத்தகமே எழுதினாரு. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட்காரங்க முதல் குவியல கெட்டியா புடிச்சுக்கிட்டாங்க, உயிர்த்தெழுற வரைக்கும் நினைவே இல்ல, கடைசில கெட்டவங்க நித்தியமா எரியறதில்ல, அழிஞ்சு போயிருவாங்கன்னு. யெகோவா சாட்சிகளும் செத்தா ஒண்ணும் மிச்சமில்லன்னுதான் சொல்றாங்க, ஆனா 1,44,000 பேர் பரலோகத்துக்கு, மத்த நல்லவங்க பூமில பரதீசுக்குன்னு பிரிப்பாங்க.

கத்தோலிக்கர்ங்க செத்த உடனே தனித்தீர்வை, கடைசில பொதுத்தீர்வைன்னு ரெண்டு தீர்ப்பு சொல்றாங்க, நம்ம கோட்டுக்கு சரியா பொருந்தும். நடுக்காலத்துல உத்தரிக்கிற ஸ்தலம் வருது. இத பத்தி வெளியாளுங்க தப்பா சொல்றது ஒண்ணு உண்டு, அது ரெண்டாவது சான்ஸ்னு. இல்லவே இல்ல, அங்க இருக்கறவங்க எல்லாரும் ஏற்கனவே ரட்சிக்கப்பட்டவங்க, பரலோகம் உறுதி, சுத்தமாகறது மட்டும் பாக்கி. இதுக்கு அவங்க காட்டறது 1 கொரிந்தியர் 3:15ம், 2 மக்கபேயர் 12ம். செத்துப்போன வீரர்களோட உடுப்புக்குள்ள சிலை தாயத்து இருந்தத பாத்துட்டு யூதா மக்கபேங்கற யூத படைத்தலைவர் 2,000 வெள்ளி திராக்மா வசூல் பண்ணி அவங்களுக்காக பாவநிவாரண பலி செலுத்த எருசலேமுக்கு அனுப்பின கதை. புராட்டஸ்டண்ட் பைபிள்ல அந்த புத்தகமே கெடையாது, அதான் ரெண்டு பைபிள் வேணும்னேன். ஆர்த்தடாக்ஸ்காரங்க உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒரு போதனைய ஏத்துக்கல, ஆனா செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணுவாங்க, 3ஆம் நாள், 9ஆம் நாள், 40ஆம் நாள்னு.

கத்தோலிக்கர்ங்க இவ்வளவு தெளிவா சொல்றாங்களே, அவங்களுக்குள்ள குழப்பமே வந்ததில்லயான்னா, போப்பே மாட்டியிருக்காரு. 1331ல போப் 22ஆம் யோவான் பிரசங்கத்துல, நீதிமான்களோட ஆத்துமா கடைசி தீர்ப்பு வரைக்கும் தேவன முகமுகமா பாக்காதுன்னு சொல்லிட்டாரு. பெரிய ரகளை. 1334ல சாவு படுக்கைல அத வாபஸ் வாங்கினாரு. அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336ல உடனே பாக்கும்னு அதிகாரபூர்வமா எழுதி முடிச்சு வச்சாரு. இத படிச்சதுல இருந்து அந்த அடக்க ஜெபம் பண்ண ஊழியர் மேல எனக்கு இருந்த கோவமே போயிருச்சு.

பேய், ஆவியா அலையறது, மறுபிறவி, இதெல்லாம் கோட்டுல எங்க போடறதுன்னா, எங்கயும் போடாதீங்க. எபிரெயர் 9:27, ஒரே தடவ சாவு, அப்புறம் நியாயத்தீர்ப்பு. 1 சாமுவேல் 28ல எந்தோர்ங்கற ஊர்ல குறி சொல்ற பொம்பள செத்துப்போன சாமுவேல் தீர்க்கதரிசிய எழுப்பின சம்பவம்தான் ஒரே சிக்கல், வந்தது சாமுவேலா வேஷமான்னு ஆதிகால சபைப் பிதாக்கள்லயே ரெண்டு கட்சி. செத்தவங்கள கூப்பிட்டு பேசறத நியாயப்பிரமாணம் தடை பண்ணிருக்கு, அது வரைக்கும் எல்லாருக்கும் ஒரே பேச்சு.

இன்னொண்ணு, சாவு வீட்ல இந்த நோட்ட எடுத்துட்டு போகாதீங்க. அழுதுட்டு இருக்கறவங்ககிட்ட ஹாதேஸ் வேற கெஹென்னா வேறன்னு ஆரம்பிச்சா அடி விழும். செத்தவர் எங்க போயிருப்பாருன்னு தீர்ப்பு சொல்றதும் நம்ம வேலை இல்ல. லாசரு செத்தப்ப இயேசு மார்த்தாள்கிட்ட உயிர்த்தெழுதல பத்தி பேசினாரு, மரியாள் அழுததும் கூட சேந்து அழுதாரு. ஆளுக்கேத்த மாதிரி. பெருசா பேச வரலனா 1 தெசலோனிக்கேயர் 4:13 முதல் 18 வரைக்கும் மெதுவா வாசிங்க, துக்க வீட்டுக்காகவே எழுதினது.

அக்கா பொண்ணுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை நோட்டுல அந்த கோட்ட போட்டு காமிச்சேன். பெரியம்மா இப்ப இங்க இருக்காங்கன்னு ரெண்டு புள்ளிக்கும் நடுவுல தொட்டேன், இயேசுகிட்ட பத்திரமா இருக்காங்க, உடம்பு மட்டும் தூங்குது, இன்னொரு நாள் எழும்புவாங்கன்னேன். நம்மள பாக்குறாங்களான்னா பைபிள் அத பெருசா சொல்லலன்னேன். கொஞ்ச நேரம் கோட்டையே பாத்துட்டு "இந்த நடுவுல எவ்ளோ நாள் மாமா?"ன்னா. அந்த நாள் யாருக்கும் தெரியாதுன்னு இயேசுவே சொல்லியிருக்காரு பாப்பான்னு மத்தேயு 24:36 எடுத்து காமிச்சேன். என் கைல இருந்து பென்சில வாங்கி, நான் வச்ச ரெண்டாவது புள்ளிய அழிச்சு, கோட்ட இன்னும் கொஞ்சம் நீட்டி, பக்கத்தோட ஓரத்துக்கு ஒரு விரல் இருக்கும்போது நிறுத்தி, அங்க திரும்ப ஒரு புள்ளி வச்சா.