ரெண்டு லைன் இருந்தும் நெட் நிற்பது ஏன்?

கடலூரில் கடைகளுக்கு நெட் அமைத்துக் கொடுக்கப் போனால் இந்தப் புகார் கட்டாயம் வரும்: "100 எம்பிபிஎஸ் லைன் ரெண்டு வாங்கினேன் தம்பி, ஒரு ஃபைல் இறக்கினா 100-ஐத் தாண்ட மாட்டேங்குதே?"

தாண்டாது. லோடு பேலன்சிங் ரௌட்டர், அதாவது ரெண்டு லைனுக்கும் வேலையைப் பங்கு போடும் பெட்டி, ஒவ்வொரு இணைப்பையும் (ஒரு ஃபைல் இறக்குவது, ஒரு பக்கம் திறப்பது மாதிரி) ஏதாவது ஒரு லைனில் ஏற்றிவிடும், அவ்வளவுதான். பாண்டிக்கு ரெண்டு பஸ் விட்டால் நெரிசல் குறையும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் சீக்கிரம் போய்ச் சேரமாட்டார். (ஸ்பீடு டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறப்பதால் சில ரௌட்டரில் கூட்டுத்தொகையைக் காட்டி ஆசையைக் கிளப்பும்.)

அடுத்த புகார், நெட் பேங்கிங் பாதியில் வெளியே தள்ளுகிறது என்பது. லாகின் ஒரு லைனில் போகும், அடுத்த பக்கம் இன்னொரு லைனில் போகும். நடுவில் ஐபி முகவரி (நெட்டில் நம் லைனை அடையாளம் காட்டும் எண்) மாறினால் வங்கி சந்தேகப்படாமல் என்ன செய்யும்? வங்கி, ஜிஎஸ்டி தளங்களை ஒரே லைனில் போகும்படி ரௌட்டரில் விதி எழுதிவிடுங்கள்.

இதெல்லாம் அமைப்பில் சரிசெய்யக்கூடியவை. பணத்தை வீணாக்கும் தவறு வேறு: ரெண்டு கம்பெனி, ரெண்டு பில், ஆனால் ரெண்டு கேபிளும் ஒரே ஈபி கம்பத்தில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது கம்பங்கள் விழுந்து கிடந்ததை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கம்பம் சாய்ந்தால் ரெண்டும் போச்சு. வாங்கும் முன் வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள், கேபிள் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று. ஒன்று ஃபைபர் என்றால் மற்றது சிம் போடும் 4ஜி, 5ஜி ரௌட்டராக இருக்கட்டும். இன்னொரு கூத்து, ரௌட்டர் யூபிஎஸ்ஸில் இருக்கும், மோடம் (கம்பெனி கேபிள் வந்து சேரும் பெட்டி) சுவர் பிளக்கில் இருக்கும். கரண்ட் போனதும் ரௌட்டர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

சிம் லைனில் டேட்டா அளவு இருந்தால் அதைப் பங்கு போட விடாதீர்கள். விண்டோஸ் அப்டேட்டே தின்று தீர்த்துவிடும். முதல் லைன் விழுந்தால் மட்டும் எழும்பட்டும். பங்கு போடுவதானாலும் சரிபாதி வேண்டாம். ஒரு லைன் 100 எம்பிபிஎஸ், மற்றது 40 என்றால் 5-க்கு 2 என்று பிரியுங்கள். ரெண்டு மோடமும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு வந்திருந்தால் ரௌட்டர் குழம்பும், ஒன்றின் முகவரியை 192.168.2.1 என்று மாற்றிவிடுங்கள்.

லைன் உயிரோடு இருக்கிறதா என்று ரௌட்டர் எதைப் பிங் செய்து ("இருக்கியா?" என்று கேட்டு) பார்க்கிறது என்பதும் முக்கியம். மோடத்தைக் கேட்டால், தெருவில் கேபிள் அறுந்து கிடந்தாலும் மோடம் "இருக்கேன்" என்றே சொல்லும். வெளியே நெட்டில் இருக்கும் 8.8.8.8 (கூகுள்), 1.1.1.1 (கிளவுட்ஃபிளேர்) இரண்டையும் கொடுங்கள். இரண்டுமே பதில் தராவிட்டால்தான் லைன் போனதாகக் கணக்கு.

சோதித்துப் பார்க்கிறேன் என்று ரௌட்டரில் இருக்கும் ஒயரைப் பிடுங்குவார்கள். அப்படிப் பிடுங்கினால் எந்த ரௌட்டரும் உடனே அடுத்த லைனுக்குத் தாவிவிடும், தெருவில் கேபிள் அறுந்தால் தாவுமா என்பது தெரியாது. பிடுங்க வேண்டியது மோடத்தின் பின்னால் இருக்கும் ஃபைபரை. மடிக்காமல், முனையில் விரல் படாமல்.