ரியோஹா ஒயின் இன்னும் எத்தனை வருடம் தாங்கும்? கணிப்பதில் வரும் தவறுகள்

ஸ்பெயினின் ரியோஹா பகுதிச் சிவப்பு ஒயினை வாங்கிச் சேர்த்து வைப்பவர்களில் பலர் லேபிளிலேயே ஏமாந்துவிடுகிறார்கள். 'கிரான் ரெசெர்வா' என்று பார்த்ததும் இன்னும் 20 வருடம் தாங்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தச் சொல் சொல்வது, ஒயின் இதுவரை எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதை மட்டும்தான். கிரியான்சா என்றால் குறைந்தது 2 ஆண்டு, ரெசெர்வா 3; இரண்டிலும் ஓராண்டாவது ஓக் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். கிரான் ரெசெர்வா 5 ஆண்டு, அதில் 2 பீப்பாயில், 2 பாட்டிலில். நல்ல பழத்தைத்தான் அதற்கு ஒதுக்குவார்கள் என்பது உண்மை. ஆனாலும் அது குடிக்கும் பக்குவத்தில் கடைக்கு வருகிற ஒயின். இந்த வகைப் பெயர் எதுவும் போடாமல் வருகிற ஒயின்களிலும் நெடுநாள் தாங்குபவை உண்டு.

அடுத்தது துவர்ப்பு. வாயை இழுத்துப் பிடித்தால் ஆயுள் கெட்டி என்று நினைக்கிறோம். எந்த மாதிரித் துவர்ப்பு என்று பார்க்க வேண்டும். ஒரு வாய் எடுத்து நாக்கெங்கும் உருட்டிவிட்டுத் துப்பிவிடுங்கள். ஈறில் மெல்லிய மாவு போலப் படிந்து, அதன் மேலேயே பழத்தின் சுவை தொடர்ந்து நின்றால் நல்லது. பழம் சட்டென்று மறைந்து, பழுக்காத விதையைக் கடித்த கசப்பு மட்டும் மிஞ்சினால், வருடங்கள் அதைச் சரிசெய்யாது. துவர்ப்பு தணிவதற்குள் பழம் போய்விடும்.

துவர்ப்பைத் தேடுகிற அவசரத்தில் புளிப்பை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். துப்பியபின் கன்னத்தின் உள்பக்கம் எச்சில் ஊறுகிறதா? ஊறினால் புளிப்பு இருக்கிறது. ரியோஹாவின் முக்கியத் திராட்சையான டெம்ப்ரனியோவுக்கு இயல்பிலேயே புளிப்பு அதிகமில்லை; அதனால்தான் புளிப்பு கூடிய கிராசியானோ திராட்சையைக் கொஞ்சம் கலக்கிறார்கள்.

அடர்ந்த கறுஞ்சிவப்பு நிறத்தையும் நம்ப வேண்டாம். ரியோஹாவின் ஆரோ நகரில் 1877 முதல் இயங்கும் லோபேஸ் தெ எரேதியா என்ற ஒயின் நிறுவனத்தின் தோண்டோனியா ஒயின்கள் பார்வைக்கு வெளிறியவைதான், ஆனால் பல பத்தாண்டுகள் நிற்கும். நிறத்தில் கவனிக்க வேண்டியது விளிம்பு. வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். ஊதா என்றால் இளசு. செங்கல் நிறம் என்றால் ஏற்கெனவே தூரம் வந்துவிட்டது.

வெனிலா, தேங்காய் வாசனை தூக்கலாக இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க ஓக்கின் வேலை. மணக்க நன்றாகத்தான் இருக்கும், அதற்காக மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். அதற்கு அடியில் பழம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் சூடு. 'அறை வெப்பநிலை' என்பது ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடுகளை வைத்துச் சொன்னது. 28 டிகிரியில் ஆல்கஹால் முன்னால் வந்து புளிப்பை மறைத்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் துவர்ப்பு முரடாகத் தெரியும். 16 முதல் 18 டிகிரிக்குள் சுவையுங்கள்.

சந்தேகமாக இருந்தால் பாதி பாட்டிலை மூடி வைத்து மறுநாள் பாருங்கள். பழம் இன்னும் தெளிவாக இருந்தால் நல்ல அறிகுறி, அவ்வளவுதான். ஒரு நாள் என்பது பத்து வருடத்துக்குச் சமம் என்றெல்லாம் கணக்குப் போட முடியாது.

இவை எல்லாம் 12 முதல் 14 டிகிரியில், வெளிச்சம் படாமல், படுக்கவைத்துச் சேமித்த பாட்டிலுக்குத்தான். சமையலறை அலமாரியில் நிற்கிற பாட்டிலை இந்த வருடமே திறந்துவிடலாம்.