ஒரே பட்டனில் கான்ஃபரன்ஸ் கால்: ஆபீஸ் போனில் தானாக டயல் செய்ய வைப்பது எப்படி?

கான்ஃபரன்ஸ் காலில் சேர வெளி லைனுக்கு 0, அப்புறம் பத்து இலக்க எண், மொழிக்கு 1, கடைசியில் மீட்டிங் எண்ணும் # குறியும். இத்தனையையும் மேசை போனின் ஒரே பட்டனில் சேமித்துவிடலாம். எண்களைப் பதிவது சுலபம். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதில்தான் கவனம் வேண்டும்.

அதனால் முதலில் அளந்துவிடுங்கள். ஸ்பீக்கரில் போட்டுக் கையால் டயல் செய்து, 0 அழுத்தியபின் டயல் டோன் வர எத்தனை விநாடி, வரவேற்புக் குரல் "1-ஐ அழுத்தவும்" என்று கேட்க எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறையும் பார்த்து, அதிகமானதை எடுத்துக்கொள்ளுங்கள். அனலாக் லைனில், அதாவது சாதாரண கம்பி லைனில், எதிர்முனை எடுத்ததா என்று போனுக்குத் தெரியாது. மணி அடிக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். செல்போனில் அந்தக் கவலை இல்லை, அழைப்பு இணைந்த பிறகே இடைவெளி தொடங்கும்.

இனி வரிசையைக் காகிதத்தில் எழுதுங்கள். காற்புள்ளி ஒவ்வொன்றும் ஓர் இடைவெளி:

0 , எண் , , , , , 1 , , 4321#

செல்போனில் ஒரு காற்புள்ளி சுமார் 2 விநாடி. மேசை போனில் இது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். 2 விநாடி என்றால், 9 விநாடி காத்திருக்க ஐந்து காற்புள்ளி. ஒன்று கூடினால் நஷ்டமில்லை. குறைந்தால் இலக்கம் காற்றில் போகும்.

சரி, போனுக்கு வருவோம். பெரும்பாலும் புரோகிராம் பட்டன், பிறகு சேமிக்க வேண்டிய பட்டன், பிறகு வரிசை, கடைசியில் ஸ்டோர். காற்புள்ளி வரும் இடத்தில் பாஸ் (Pause, இடைவெளி) பட்டனை அழுத்த வேண்டும்; பல போன்களில் ரீடயல் பட்டன்தான் அந்த வேலையையும் செய்கிறது. பலர் புழங்கும் போன் என்றால் ரகசிய பின் எண்ணை மட்டும் சேமிக்காதீர்கள், அதைக் கையால் அழுத்துவதே நல்லது.

அழைப்பு இணைந்தும் இலக்கங்களை எதிர்முனை கண்டுகொள்ளவில்லையா? லைன் பல்ஸ் முறையில் (இலக்கத்தைத் துடிப்புகளாக அனுப்புவது) இருந்தால் டோனுக்கு (ஒலியாக அனுப்புவது) மாற்றுங்கள். 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் சேர்ந்து போகின்றன; மறுமுனை அதைக் கேட்டுத்தான் இலக்கத்தை அறிகிறது. இணைய நெட்வொர்க் வழியே பேசும் ஐபி போனில், ஜி.729 போன்ற கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை) ஒலியைச் சுருக்கும்போது இவை சிதைந்துவிடும். செட்டிங்கில் டிடிஎம்எஃப் (இந்த இரட்டை ஒலி டயல்) முறையை, இலக்கத்தைப் பேச்சொலியில் கலக்காமல் தனித் தகவலாக அனுப்பும் ஆர்எஃப்சி 2833 என்று வைத்து, மறுபடி சோதித்துப் பாருங்கள்.